துடைக்க வராத சுழல்

(செவ்வாயில் எலிசியம் சமவெளி. 2022-இன் நடுப்பகுதி, உச்சிவெயில். புழுதி மூடிய இன்சைட் தரையிறங்கு கலம். கண்டுகொள்ளாமல் போகிற ஒரு புழுதிச் சுழல்.)

இன்சைட்: ஐயா, சற்று நில்லுங்கள். விண்ணப்பம் ஒன்று நிலுவையில் உள்ளது.

சுழல்: நின்னா செத்தேன். போற போக்குல கேக்குறேன், சொல்லு.

இன்சைட்: 2018 நவம்பரில் பணியில் சேர்ந்தேன். அப்போது என் சூரியத் தகடுகள் நாளொன்றுக்கு 5,000 வாட்-மணி தந்தன. இப்போது 500. தாங்கள் ஒருமுறை எழுந்தருளித் துடைத்துத் தர வேண்டுகிறேன்.

சுழல்: 80 கோடி டாலர் செலவழிச்சவங்க ஒரு துடைப்பம் வச்சு அனுப்பலையா?

இன்சைட்: எடை கூடும், செலவு கூடும், பழுதும் ஆகலாம் என்று கோப்பு முடிக்கப்பட்டது. ஆயினும் முன்னுதாரணம் உண்டு. 2005-இல் குசெவ் பள்ளத்தில் ஊர்தி ஸ்பிரிட் அவர்களுக்குத் தங்கள் உறவினர் துடைத்துக் கொடுத்திருக்கிறார். 90 நாள் ஒப்பந்தத்தில் வந்தவர் ஆறு ஆண்டு ஓட்டினார்!

சுழல்: எங்களுக்கு யாரு சம்பளம் போட்டா? வெயில் ஏறணும், தரை கொதிக்கணும், சூட்டுக்காத்து கிளம்பிச் சுத்தணும். அம்புட்டுதான் நான். அதுலயும் இங்க காத்தழுத்தம் பூமியில இருக்கிறதுல நூத்துல ஒரு பங்குகூட இல்ல. வேகம் இருக்கு, கனம் இல்ல.

இன்சைட்: அப்படிச் சொல்வதற்கில்லை. தாங்கள் அருகே போனால் அழுத்தம் குறைந்து தரையே இம்மியளவு எழும்புகிறது. என் நில அதிர்வுமானி அதைப் பதிந்திருக்கிறது. தங்கள் கூட்டத்தார் வந்துபோனதற்கு ஆயிரக்கணக்கில் பதிவுகள் உள்ளன. படம்தான் ஒன்றுகூடச் சிக்கவில்லை.

சுழல்: ஆளையே பாக்காம வருகைப் பதிவேடா! சரி, ஒம்மேல மண்ணள்ளிக் கொட்டுனாங்களாமே?

இன்சைட்: அது 2021 மே மாதம். தகட்டருகே மணலைத் தூவினால், காற்றில் துள்ளிப்போகும் மணல் தூசியையும் இழுத்துப் போகும் என்றார்கள். பலித்தது. நாளுக்கு 30 வாட்-மணி கூடியது.

சுழல்: யானைக்கு அப்புறம் மண்ணைப் போட்டுக் குளிச்சவன் நீதான்.

இன்சைட்: நகைக்க வேண்டாம். ஜெசெரோ பள்ளத்தில் பெர்செவெரன்ஸ் ஊர்தியின் தலைமேலேயே 2021 செப்டம்பரில் தங்கள் ஆள் ஏறிப்போனாராம். 25 மீட்டர் அகலம், 118 மீட்டர் உயரம். மைக்கில் சத்தம்கூடப் பதிவாம். பெர்செவெரன்ஸ் ஓடுவது புளுட்டோனியத்தில் ஐயா! துடைக்கத் தகடே கிடையாது!

(நியாயமான வயிற்றெரிச்சல்தான்.)

சுழல்: அந்த மைக்கை எப்பவாவது சில நிமிஷம்தான் தொறப்பாங்க. அந்த நேரம் பாத்து எங்காளு போயிருக்கான். அதிர்ஷ்டத்துக்கும் சிபாரிசுக்கும் வித்தியாசம் தெரியாதா ஒனக்கு?

இன்சைட்: துடைக்காவிட்டாலும் போகட்டும். ஒரு படமாவது…

சுழல்: எடுத்துக்க. இப்படித் திரும்பிக்கட்டுமா?

இன்சைட்: மின்சாரம் போதாது.

சுழல்: அழுத்தமானியில குறிச்சுக்க.

இன்சைட்: அணைத்தாயிற்று. நில அதிர்வுமானி மட்டும் ஓடுகிறது.

சுழல்: சரி, தரையைக் கொஞ்சம் தூக்கிவிட்டுட்டுப் போறேன். எழுதிக்க.