பீரோவில் வாழும் மட்டைகள் குறித்து ஒரு விண்ணப்பம்

பள்ளிகளின் உடற்கல்வியைப் பரிபாலிக்கும் மேலிடத்தாரின் சமூகத்திற்கு, அநேக நமஸ்காரம்.

தங்கள் கருணையால் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளிக்கு வந்து சேர்ந்த இறகுப்பந்து மட்டைகள், ஒரு நரம்புகூட அறுபடாமல், உறையும் பிரிபடாமல், தலைமையாசிரியர் அறைப் பீரோவில் பரம சௌக்கியமாக இருக்கின்றன என்பதைச் சந்தோஷத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்து அட்டவணை, ஒவ்வொரு வகுப்புக்கும் வேண்டிய விளையாட்டுக் கருவிகள் வழங்கப்பட வேண்டும் என்று விதிக்கிறதே அன்றி, வழங்கியவற்றைப் பூட்டிவைக்கலாகாது என்று விதிக்கவில்லையாதலால், சட்டத்துக்கு எள்ளளவும் பங்கம் நேரவில்லை. மட்டை முறிந்தால் இருப்புப் பதிவேட்டில் குறை தோன்றும். குறை தோன்றினால் தணிக்கைக்கு வருபவர் விளக்கம் கேட்பார். பிள்ளைக்குச் சர்வீஸ் போடத் தெரியாமற் போனாலோ, எவரும் ஏன் என்று கேட்பதில்லை.

இதனால் போதனை நின்றுவிட்டதோ என்று தாங்கள் விசாரப்பட வேண்டாம். களத்தின் நீளம் 13.4 மீட்டர், இரட்டையர் ஆட்டத்துக்கு அகலம் 6.1 மீட்டர், பந்தில் இறகுகள் 16 என்பதையெல்லாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதி, நெட்டுருப் போட்டு, தூக்கத்திலும் ஒப்பிக்கிறார்கள். பரீட்சை நெருங்கிவிட்டால் பி.டி. பீரியட் கணக்கு வாத்தியாருக்குத் தானமாகிவிடுவதால், அந்த நீள அகலங்களைப் பெருக்கிப் பரப்பளவு காணும் பாக்கியமும் அவர்களுக்கு வாய்க்கிறது.

ஏறக்குறைய 5 கிராம் எடையுள்ள இறகுப்பந்தைக் கூரையற்ற திடலுக்கு அனுப்பிவைத்த தங்கள் தீர்க்கதரிசனத்தையும் வியக்காமலிருக்க முடியவில்லை. அம்மியையே அசைக்கும் என்று பெயரெடுத்த ஆடிக் காற்றில் அது எந்தத் திக்கில் போய் விழும் என்பதை மட்டையேந்தியவர் தீர்மானிக்க இயலாது. தஞ்சை அரச குடும்பத்தாரிடமிருந்து பரவியதாகச் சொல்லப்படும் பூப்பந்தாட்டமோ, கனத்த மஞ்சள் கம்பளிப் பந்தைக் கொண்டு, பக்கத்துக்கு ஐவராக, திறந்த வெளியிலேயே ஆடத் தக்கது. ஒரே சமயத்தில் 10 பிள்ளைகளுக்கு இடம் தருவது. இத்தனை அனுகூலங்கள் ஒருங்கே அமைந்திருப்பதே அது தங்கள் கடாட்சத்துக்குப் பாத்திரமாகாததன் காரணமோ என்று சந்தேகிக்கிறேன்.

ஆகவே பணிந்து வேண்டுவது இவ்வளவே: புதிய மட்டைகள் வேண்டாம், புதிய சுற்றறிக்கைத் திட்டங்களும் வேண்டாம், ஆட்டத்தில் தேய்ந்த மட்டையை நஷ்டக் கணக்கில் எழுதாமல் பாடம் நடந்ததற்கான அத்தாட்சியாக ஏற்று, பீரோவின் சாவியை உடற்கல்வி ஆசிரியரிடம் ஒப்படைக்க உத்தரவிட வேண்டும்.

இங்ஙனம்,
ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருவனின் தகப்பன்