நாய் வரும் இடம்

எண்பதுகளில் மன்னார்குடியில் வளர்ந்த ஒரு பையனுக்கு அம்புலிமாமாவுக்கும் சாண்டில்யனுக்கும் நடுவே படிக்க அதிகம் கிடையாது. விக்கிரமாதித்தன் கடைசியாக ஒருமுறை முருங்கை மரம் ஏறி இறங்கினால், அடுத்த படி நேராகக் ‘கடல் புறா’வின் மஞ்சளழகிதான். இளைஞர் நாவல் என்று தனி அலமாரி எங்கள் ஊர் நூலகத்தில் இல்லை. காலியாகக் கிடந்த அந்த இடத்தில் ஒரு நாய் வந்து உட்கார்ந்தது. பெயர் ஜீனோ.

‘என் இனிய இயந்திரா’வையும் அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வையும் சுஜாதா எங்கள் வயதுக்கென்று எழுதவில்லை. பெரியவர்கள் படிக்கும் ஆனந்த விகடனில் பெரியவர்களுக்காகத்தான் எழுதினார். எங்கள் வீட்டுப் பெரியவர்களோ அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டு ஜோக்குகளுக்குப் போனார்கள். தாத்தா ஒரே ஒரு வாரம் படித்துப் பார்த்தார். “நாய் பேசறதாம், இவன் வாயப் பொளந்துண்டு கேக்கறானாம்” என்று கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அன்றோடு தொடர் முழுக்க எங்களுடையதாயிற்று.

கதை நடப்பது 2021, 2022 வாக்கில். ஜீவா என்ற சர்வாதிகாரி இந்தியாவை ஆள்கிறார். எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர், ஆளுக்கொரு எண். பிள்ளை பெறுவதற்கு அரசாங்கம் அனுமதிக்க வேண்டும். நிலாவுக்கு அனுமதி வருகிறது, கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் வீட்டில் குடியேறும் ரவி கூடவே கூட்டி வருவதுதான் ஜீனோ. இயந்திர நாய். புத்தகம் படிக்கும், கிண்டல் செய்யும், மெல்ல மெல்லச் சொந்தமாக யோசிக்கவும் ஆரம்பிக்கும்.

2022-இல் எங்களுக்கெல்லாம் ஐம்பது வயது ஆகியிருக்கும் என்று நண்பர்கள் கணக்குப் போட்டோம். கதையில் வந்த எதையும் நம்பத் தயாராக இருந்தோம், அதை மட்டும் நம்பவில்லை.

மனிதர்களுக்கு எண் கொடுக்கும் அரசாங்கத்தை நினைத்தாலே அப்போது வயிற்றைக் கலக்கியது. பின்னொரு நாள், பன்னிரண்டு இலக்க எண் ஒன்றுக்காக வரிசையில் நின்றேன். பத்து விரலையும் பதித்தேன், கருவிழியைக் காட்டினேன், நடுவில் புகுந்தவரோடு சண்டையும் போட்டேன். ஜீவாவின் பிரஜைகள் பயந்து பயந்து எண்ணைச் சுமந்தார்கள். நாங்கள் லாமினேட் செய்து பர்ஸில் வைத்துக்கொண்டோம்.

வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்தது அத்தை. கோணி ஊசியால் துளை போட்டு, ட்வைன் நூலால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை ஒட்டி பைண்டு செய்தாள். அந்தப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. அங்கங்கே ஒரு ஜோக்கின் பாதி தொங்கும். மீதிப் பாதி கிழிபடாத பக்கத்தோடு பழைய பேப்பர்காரனிடம் போய்விட்டது. அவற்றுக்கு முடிவு என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரே மூச்சில் படிக்கும்போது இன்னொன்றும் தெரிகிறது: ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு திடுக்கிடலில் முடிகிறது. வாரம் ஒன்று என்றால் ருசி. ஒரு மாலையில் இத்தனை திடுக்கிட்டால் கடைசியில் யார் செத்தாலும் “சரி, அப்புறம்” என்று பக்கம் புரட்டத் தோன்றுகிறது. தொடர்கதை தொடராகத்தான் படிக்கப்பட வேண்டும் என்பது என் கட்சி. யாரும் கேட்கப்போவதில்லை.

எழுதியவர் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துப் பொறியாளர் என்பதும், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. ஆபீஸில் ஓட்டுப் போட ஓர் இயந்திரம், வீட்டுக்கு வந்தால் ஓட்டே இல்லாத ஒரு தேசம். இந்த மனிதர் சிரிக்காமல் எப்படி எழுதினார்?

ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன், கதை வெளிவந்து நாற்பது வருஷம் ஆகப்போகிறது, கோபிக்க மாட்டீர்கள். ஜீவா என்று ஓர் ஆளே கிடையாது. மக்கள் வணங்கும் தலைவர் வெறும் ஹோலோகிராம். “ஆள் இல்லேன்னு இத்தனை பேருக்கும் தெரியாம போகுமாடா?” என்று நண்பன் ஒருவன் விகடனைத் தூக்கிப் போட்டான். 2014 மக்களவைத் தேர்தலில் மோடி ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் ஹோலோகிராமாகத் தோன்றிப் பேசினார். 2018-இல் மறைந்த கருணாநிதி, 2024-இல் ஒரு புத்தக விழாவில் செயற்கை நுண்ணறிவின் தயவில் திரையில் தோன்றி வாழ்த்தினார். சுஜாதாவின் கதையில் இதைக் கண்டுபிடித்தவர்கள் உயிருக்குப் பயந்து ஓடினார்கள். இங்கே கைதட்டினார்கள், போனில் படம் பிடித்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்ற அளவில் இது முன்னேற்றம்தான்.

நிஜ இயந்திர நாய் 1999-லேயே வந்தாயிற்று. சோனியின் ஐபோ. வாலாட்டும், பந்துக்குப் பின்னால் ஓடும், புத்தகம் மட்டும் படிக்காது. 2014-இல் சோனி பழைய ஐபோக்களைப் பழுதுபார்ப்பதை நிறுத்தியது. ஜப்பானில் சிபா மாநிலத்துக் கோவில் ஒன்றில் செத்த ஐபோக்களை வரிசையாக அடுக்கி, புத்த பிக்கு மந்திரம் சொல்லி ஈமக்கிரியை செய்தார். ஜீனோவை அழைத்துவர ‘மீண்டும்’ என்று ஒரு தலைப்பு போதுமாயிருந்தது. ஐபோவுக்கு உதிரி பாகம் கிடைக்கவில்லை. படித்துத் தேறிப் பதில் சொல்லும் இயந்திரமோ, சாட்ஜிபிடி என்ற பெயரில், 2022 நவம்பர் 30 அன்று வந்து சேர்ந்தது. வருஷத்தைச் சுஜாதா ஏறக்குறையப் பிடித்துவிட்டார். வால்தான் இல்லை.

மகளிடம் இதையெல்லாம் ஆவேசமாகச் சொன்னேன். “அப்பா, பேசுது, படிக்குது, பதில் சொல்லுது. இதுல என்ன இருக்கு? நாயா இருக்கறது மட்டும்தான் புதுசு” என்றாள். நான்கு தசாப்த விஞ்ஞானப் புனைகதை அந்த வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

சின்ன வயசில் அரசியல் வரும் பக்கங்களைத் தாண்டிக்குதித்து ஜீனோவிடம் ஓடியவன் நான். இந்தத் தடவை சர்வாதிகாரம், கண்காணிப்பு, பொம்மை ஆட்சி எல்லாவற்றையும் ஒழுங்காகக் கவனிப்பது என்று பென்சிலைக் கூராக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். முடித்துவிட்டுப் புரட்டிப் பார்த்தால், கோடு போட்ட இடமெல்லாம் ஜீனோவின் வாய்த்துடுக்கு. ஜீவாவுக்கு ஒரு கோடுகூட இல்லை.

‘மீண்டும் ஜீனோ’வை மகள் எடுத்துக்கொண்டு போனாள். எதுவரை வந்திருக்கிறாய் என்று ராத்திரி கேட்டேன். “நிலா ராணியாகி நாட்டை ஆளறாளே, அதெல்லாம் வேகமா தள்ளிட்டேன்பா. நாய் எந்தப் பக்கத்துல வருதுன்னு சொல்லு.”

பக்க எண்ணைச் சொன்னேன்.