குனிந்த தலை நிமிராத கிட்டாரிஸ்ட்

எறையூரைச் சுற்றியுள்ள ஊர்களில் கோயில் திருவிழா என்றால், சாமி புறப்பாட்டுக்கு அடுத்தபடியாகக் கூட்டம் சேர்வது இன்னிசைக் கச்சேரிக்குத்தான். மேடையில் பாடகர் கூட்டத்தைப் பார்ப்பார். பாடகி பாடகரைப் பார்ப்பார். ஆக்டோபேட் வாசிக்கிறவர் பாடகியைப் பார்ப்பார். யாரையும் பார்க்காமல் தன் கால்மாட்டையே பார்த்தபடி ஒரு ஜீவன் ஓரமாக நிற்கும். அவர்தான் லீட் கிட்டாரிஸ்ட். புதுப்பெண்கூட மூன்றாம் நாள் நிமிர்ந்துவிடுவாள். இவர் கச்சேரி முடிந்து வேன் ஏறும்வரை நிமிர மாட்டார். காரணம், காலடியில் மிதி சுவிட்சுகளும் கலர் விளக்குகளும் வைத்த ஒரு கறுப்புப் பெட்டி. மல்டி எஃபெக்ட்ஸ் பிராசஸர் என்பது அதன் திருநாமம். குழுவில் மற்றவர்களுக்கு வெறும் ‘பெட்டி’. எல்லாருடைய சாமானும் வேனின் பின்பக்கம் ஏறும். பெட்டி மட்டும் அவர் மடியில் வரும். அதன் சின்னத் திரையில் பேட்ச்களின், அதாவது சேமித்துவைத்த ஒலி அமைப்புகளின், பெயர்கள் ஓடும்: பொன் நிலா, இளைய நிலா, குத்து, குத்து புதுசு, மாஸ், மாஸ் ஃபைனல், மாஸ் ஃபைனல் ஒரிஜினல். இதில் கடைசியாகச் செய்தது எது என்பது, மேடையில் மிதித்துப் பார்த்தால்தான் அவருக்கே தெரியும்.

இவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம், குழுவே சிரிக்கிறது. ஆனால் சிரிக்கிறவர்கள் இடம் தெரியாமல் சிரிக்கிறார்கள் என்பது என் கட்சி. பெட்டி வாங்கியதும் குற்றமில்லை, அதை ராப்பகலாகத் திருகுவதும் குற்றமில்லை. அவர் வீட்டில் உட்கார்ந்து திருகுகிறார், ஊர் திடலில் உட்கார்ந்து கேட்கிறது, கோளாறு அங்கேதான். முதலில் பெட்டியின் பக்கம் பேசிவிடுகிறேன். ‘அந்தக் காலத்து நாடகத்தில் கிட்டப்பா மைக்கே இல்லாமல் கொட்டகையின் கடைசி வரிசைவரை பாடினாரே, இவருக்கு மட்டும் எதற்கு இத்தனை சாமான்?’ என்று திண்ணைப் பெரியவர்கள் கேட்பார்கள். கிட்டப்பாவுக்குத் தொண்டை இருந்தது. எலெக்ட்ரிக் கிட்டாருக்குத் தொண்டை கிடையாது. உள்கூடு இல்லாத அந்தக் கெட்டிக் கட்டையில் கம்பியை மீட்டினால், பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகக் கேட்காது. கம்பிக்குக் கீழே இருக்கும் பிக்கப் சுருளில் பிறப்பது நோஞ்சான் மின்சாரம். அதை வாங்கிக்கொள்ளும் வாயில் சுமார் 10 லட்சம் ஓம் மின்மறிப்புடன் இருந்தால்தான் நாதத்தின் மேல்பகுதி பிழைக்கும். மிக்சரின் மைக் வாயிலில் இருப்பதோ ஓரிரண்டு ஆயிரம் ஓம். நேராக அதில் செருகினால் கம்பியின் பளபளப்பு செத்து, மந்தமான ஒரு முனகல்தான் மிஞ்சும். இடையில் நின்று அந்த நோஞ்சானைத் தேற்றி அனுப்புவதுதான் பெட்டிக்குள் இருக்கும் பிரீஆம்ப். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் ஐந்து கம்பி எலெக்ட்ரிக் மாண்டலினில் கமகம் காட்டியபோது, சபாக்களில் தலையாட்டிய ரசிகர்கள் வாத்தியத்தைத்தான் மெச்சினார்கள். மீட்டிய ஸ்வரம் இழைந்து நிற்பதற்குப் பக்கத்தில் ஒரு ஆம்ப்ளிஃபையர் உழைத்துக்கொண்டிருந்ததை அவர்கள் குறையாகச் சொல்லவில்லை.

பிரீஆம்ப் மட்டும் போதாதா, ஏன் அத்தனை எஃபெக்ட்ஸ் என்றால், அதற்கும் பதில் கச்சேரிப் பட்டியலிலேயே இருக்கிறது. 1980-இல் வந்த ‘மூடுபனி’யின் ‘என் இனிய பொன் நிலாவே’வுக்கும், 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’யின் ‘இளைய நிலா’வுக்கும் அகௌஸ்டிக் கிட்டாரின் தெளிவு வேண்டும். அடுத்த பாட்டே அனிருத் என்றால் உறுமல் வேண்டும். சினிமாவில் அதற்கு வேறு வேறு கிட்டார், வேறு வேறு ஆள், வேறு வேறு அறை. இங்கே ஒரே ஆள், ஒரே கிட்டார். இரண்டு பாட்டுக்கு நடுவில் அறிவிப்பாளர் அன்பளிப்பு நூற்றியொரு ரூபாயை வாசித்து முடிக்கிற நேரம்தான் அவகாசம். அந்த உறுமலையும் நேரடியாக மிக்சருக்கு அனுப்ப முடியாது. கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகக் கை விரித்துவிடும். டிஸ்டார்ஷனின் கரகரப்பை வடிகட்டித் தருவதே அந்த இயலாமைதான். ஸ்பீக்கர் இல்லாமல் மிக்சருக்குப் போகும்போது அந்த வடிகட்டலைப் பெட்டிதான் பாவனை செய்தாக வேண்டும். கேபினட் சிமுலேஷன் என்பது அதுதான். இல்லாவிட்டால் முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்ளும். 1998-இல் லைன் 6 நிறுவனத்தின் சிவப்பு நிற ‘பாட்’ வந்ததிலிருந்து, ஒரு லாரி நிறைய ஆம்ப்ளிஃபையர் ஏற்றிப்போக வேண்டிய வேலையைக் கைப்பெட்டிகள் செய்துவருகின்றன. மேடைக்கே இடம் போதாத ஊரில் இது ஆடம்பரமில்லை, சிக்கனம்.

ஆகப் பெட்டி தேவை. இனி அவரைக் கொஞ்சம் கண்டிக்கலாம். நம்மவர் பேட்ச் செய்யும் நேரம் ராத்திரி பதினொன்றுக்கு மேல், இடம் படுக்கையறை, காதில் ஹெட்ஃபோன், பக்கத்தில் குழந்தை தூங்குவதால் சத்தம் தாழ்வு. 1933-லேயே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் ஒன்றை அளந்து சொல்லிவிட்டார்கள். தாழ்ந்த சத்தத்தில் நம் காதுக்குக் கீழ்த்தொனி சரியாகக் கேட்காது; சத்தம் ஏற ஏற அது தானாகக் கூடிக் கேட்கும். இவர் என்ன செய்கிறார்? கேட்காத பேஸைக் கேட்க வைக்கிறேன் என்று ஏற்றுகிறார். டிரெபிளையும் அதே கையோடு ஏற்றுகிறார். நடுத்தொனி காதை உறுத்துகிறது என்று வெட்டி எறிகிறார். அறையில் அது அமிர்தம். அதே பேட்சைத் திடலில் முழுச் சத்தத்தில் திறந்தால், கீழ்த்தொனி பேஸ் கிட்டாரோடும் தவிலோடும் சண்டைக்குப் போகிறது. மேல்தொனி சிம்பலுக்குள் காணாமல் போகிறது. கிட்டார் வாழ வேண்டிய நடுவீட்டை அவரே இடித்துவிட்டதால், சோலோ வரும்போது கை ஓடுவது தெரிகிறது, சத்தம் கேட்பதில்லை. கூட்டம் அதை நடிப்பு என்று நினைத்துக் கை தட்டுகிறது. போதாக்குறைக்கு, எதிரொலி இடக்காதிலிருந்து வலக்காதுக்குத் தாவும்படி ஸ்டீரியோ டிலே வேறு வைத்திருப்பார். திடலிலோ மைக்செட் மோனோ. ஒரே ஒரு ஒயர்தான் கொடுப்பார்கள். அதைப் பெட்டியின் பின்னால் ‘எல்/மோனோ’ என்று எழுதியுள்ள துளையில் செருகினால் இரண்டு பக்கமும் கலந்து வரும். அவசரத்தில் ‘ஆர்’ துளையில் செருகிவிட்டால், வலப்பக்கம் மட்டும் வரும், இடப்பக்கத்து எதிரொலி வராது.

இன்னொரு கவலையும் அவரை அரிக்கும்: லேட்டன்சி. கம்பியை மீட்டியதற்கும் டிஜிட்டல் பெட்டி அதைக் கணக்குப் போட்டு வெளியே விடுவதற்கும் இடையிலான தாமதம். மூன்று மில்லி செகண்ட் ஆகிறதென்று அவருக்குத் தூக்கம் வராது. அதைக் குறைக்க அடுத்த பெட்டி வாங்கலாமா என்று விலை விசாரிப்பார். ஒலி காற்றில் ஒரு செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஆக மூன்று மில்லி செகண்ட் என்பது ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். மூன்றடி முன்னே நகர்ந்தால் தீர்கிற வியாதி. திடலில் 20 மீட்டர் தள்ளி நிற்கும் பாக்ஸிலிருந்து அவர் வாசிப்பு அவருக்கே திரும்பி வர ஏறக்குறைய 60 மில்லி செகண்ட் ஆகிறது. ஊர்க் கோடியில் கம்பத்தில் கூம்புக் குழாய் கட்டியிருந்தால், அங்கிருந்து வருவது ஒரு முழு செகண்ட் பழைய செய்தி. (கூம்புக்குத் தடை என்று அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும், கூம்பும் இருந்துகொண்டே இருக்கும்.) அந்தக் கூம்பில் கீழ்த்தொனியே இறங்காது. 24 பிட் துல்லியத்தில் செதுக்கிய நாதம் கடைசியில் போய்ச் சேர்கிற வீடு அது. இதற்குப் பெட்டியை மாற்றிப் பயனில்லை. முன்னால் ஒரு மானிட்டர் பாக்ஸ் கேட்டு வாங்கினால் போதும். ஆனால் கேட்க வேண்டிய ஆளோடுதான் அவருக்கு ஒத்துப்போகாது.

அந்த ஆள் மைக்செட்காரர். ஐம்பதைத் தாண்டியவர், தோளில் துண்டு, காதிடுக்கில் பென்சில். குழுவில் சம்பளம் வாங்காமலே குழுவின் சத்தம் முழுவதையும் கையில் வைத்திருக்கிறவர். ‘அண்ணே, மிட் கொஞ்சம் தூக்கி விடுங்கண்ணே’ என்று கிட்டாரிஸ்ட் தம்பி கேட்டால், ‘அந்தக் குமிழ் சும்மா சுத்தும் தம்பி, உனக்குச் சத்தம் வருதா இல்லையா, அத மட்டும் சொல்லு’ என்பார். தம்பிக்கு அவர் பட்டிக்காடு. அவருக்குத் தம்பி விளையாட்டுப் பிள்ளை. நியாயம் பெரும்பாலும் பெரியவர் பக்கம் என்பேன். எந்தத் திடலில் எந்தச் சுவரில் சத்தம் மோதித் திரும்பும், எந்த ஜெனரேட்டர் பத்து மணிக்கு மேல் மூச்சு வாங்கும் என்பதெல்லாம் எந்தப் பிரீசெட்டிலும் இல்லை, அவர் தலையில் இருக்கிறது. சீரியல் லைட்டும் மேடையும் ஒரே லைனில் இருந்து, பெட்டிக்கும் மிக்சருக்கும் எர்த் வேறு வேறு வழியில் போனால், ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் எழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ், கிட்டாரின் ஜி ஸ்வரத்துக்கு ஒரு இழை மேலே நிற்கிறது. ஜி-யில் பாட்டு எடுத்தால் அது கொஞ்சம் சுருதி பிசகிய தம்புராவாக உதவும். வேறு எதில் எடுத்தாலும் அபஸ்வரம். தம்பி பெட்டிக்குள் இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட்டை இறுக்குகிறார். ரீங்காரம் பெட்டியைத் தாண்டி, ஒயரில் பிறக்கிறது. பெட்டிக்குள் எதை இறுக்கினாலும் அதற்கு உறைக்காது. பெட்டிக்கும் மிக்சருக்கும் நடுவில் வைக்கும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அதைத் தள்ளினால் சிக்னல் ஒயரின் எர்த் தொடர்பு மட்டும் அறும். பெரும்பாலும் ரீங்காரமும் அறும். பிளக்கின் மூன்றாவது கம்பியைப் பிடுங்கி விடுவது வேறு கதை. அது உயிரோடு விளையாடுவது.

‘இதையெல்லாம் ஜனங்கள் கவனிக்கிறார்களா?’ என்பது கீபோர்டு வாசிக்கிறவரின் நிரந்தரக் கேள்வி. கிட்டார் பிட்டையும் தானே வாசித்துவிட்டு ஒரு பங்கு கூடுதலாக வாங்கலாம் என்ற நல்லெண்ணம் அதில் உண்டு. ஜனங்களுக்கு டிலே தெரியாது, கம்ப்ரஷன் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘இளைய நிலா’வின் முதல் மீட்டலை அவர்கள் நாற்பது வருஷமாகக் கேட்டுவருகிறார்கள். அது சரியாக விழுந்தால் விசில் வரும். விழாவிட்டால் பக்கத்துப் பேச்சு தொடரும். இவ்வளவு நேர்மையான அளவுகோல் எந்த ஆய்வகத்திலும் கிடையாது. நம் கிட்டாரிஸ்ட் தலை நிமிர்ந்தால் அந்த அளவுகோலைப் பார்க்கலாம். முப்பது பேட்சில் இருபத்தைந்தை அழித்துவிட்டு, மிச்சத்தை ஒருநாள் பகலில் ஏதாவது காலி மண்டபத்தில் முழுச் சத்தம் வைத்துத் திருகலாம். கிளீன் பேட்சும் டிஸ்டார்ஷன் பேட்சும் ஒரே உயரத்தில் ஒலிக்கின்றனவா என்று நண்பர் ஒருவரைத் தள்ளி நிறுத்திக் கேட்கலாம். மைக்செட் அண்ணனுக்கு முதல் டீ இவர் வாங்கித் தரலாம். பெட்டியில் எந்தக் குமிழும் செய்யாத வேலையை அந்த டீ செய்யும்.

முழுப் பழியையும் அவர் தலையில் போடவும் எனக்கு மனசில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் ஒலிபெருக்கி இரவு பத்து மணியோடு சரி. சில நாட்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவுவரை தளர்த்தலாம். ஏழு மணிக் கச்சேரி, பொன்னாடைகளும் வாழ்த்துரைகளும் முடிந்து எட்டரைக்குத் தொடங்கினால், சவுண்ட் செக் என்பது ‘ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ’யோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கதியில் தலை நிமிர யாருக்குத்தான் நேரமிருக்கும்? ஆகவே எறையூர் வட்டாரத்து விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். சீரியல் லைட்டுக்கு ஒரு லைன், மேடைக்கு ஒரு லைன் என்று பிரித்துக் கொடுங்கள். பொன்னாடைகளில் இரண்டைக் குறைத்து, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அந்தத் தம்பிக்கும் மைக்செட்காரருக்கும் இருபது நிமிஷம் திடலைக் காலியாக விடுங்கள்.