நாற்பதில் மரமேறலாமா?

கேள்வி: நாற்பது வயதில் கணினி வேலையை விட்டுவிட்டு, மரங்களைப் பராமரிக்கும் 'ஆர்பரிஸ்ட்' ஆவது புத்திசாலித்தனமா?

பதில்: தாராளமாக ஆகலாம், ஏணியைத் தேடும் முன் பாடத்தைத் தேடுங்கள். கைவலுவைவிட நிதானம்தான் இங்கே மூலதனம். மரத்துக்கு நம்மைப்போல் காயம் ஆறுவதில்லை. வெட்டுப்பட்ட இடத்தைச் சுற்றித் தடுப்பு எழுப்பி அழுகலை அடைத்துவைக்கிறது. ஏராளமான மரங்களை அறுத்துப் பார்த்து இதை விளக்கியவர் அமெரிக்காவின் அலெக்ஸ் ஷைகோ. அதனால்தான் கிளை தண்டோடு சேரும் இடத்துப் புடைப்பைத் தொடாமல், அதை ஒட்டி வெளிப்புறமாக அறுக்க வேண்டும். ஒரு விரற்கடை உள்ளே போனாலும் அழுகல் தண்டுக்குள் இறங்க வழி கிடைத்துவிடும். அந்த விரற்கடையை மதிக்கும் பக்குவம் இருபதைவிட நாற்பதில் எளிதாக வரும்.

உடம்பு தாங்குமா என்பீர்கள். ஏறுவது தொழிலில் ஒரு பகுதிதான். பொந்து, பூஞ்சை, சாய்வு, சிமென்ட் பூசி மூச்சுமுட்டும் வேர் எல்லாம் தரையில் நின்றே கவனிக்க வேண்டியவை. வருமானம் முதலில் குறையும், சேமிப்போடு இறங்குங்கள். ஆனால், வேலைக்குப் பஞ்சமில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. புயலை நிறுத்த யாராலும் முடியாது. விழப்போகும் மரங்கள் பலவற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்றவரால் முடியும். அப்படிப்பட்டவர்கள் நம் நகரங்களுக்கு அவசரமாகத் தேவை. துணிந்து வாருங்கள்!