பக்கவாட்டுப் புகைக்குழல்: தகடூர்ப் பகுதிச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1965ஆம் ஆண்டு அமெரிக்காவில் கார்வெட் கார் வாங்கப் போனவர் கூடக் கொஞ்சம் காசு கொடுத்தால், புகைக்குழாயைப் பின்பக்கம் கொண்டுபோகாமல் இரு கதவுகளுக்கும் கீழே, வெளியே தெரியும்படி பொருத்திக் கொடுத்தார்கள். அதே காலத்து ஷெல்பி கோப்ரா 427க்கும் இப்படித்தான். எட்டு சிலிண்டரை நாலு நாலாகப் பாகம் பிரித்து, இடத்துக்கு ஒரு குழல், வலத்துக்கு ஒரு குழல். அதே 1965இல், அக்டோபர் 2ஆம் தேதி, சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் தொடர்பு இருப்பதாக நிறுவ முடியாது. நிறுவ முடியாததை முதல் பத்தியிலேயே சொல்லி வாசகரைக் கலங்கடிப்பது ஆய்வு மரபு.

ஆய்வெல்லை வருமாறு: வடக்கே காரிமங்கலம், தெற்கே தொப்பூர் கணவாய், மேற்கே ஒகேனக்கல், கிழக்கே அரூர். இவ்வெல்லைக்குள் பக்கக் குழல் வைத்த எட்டு சிலிண்டர் கார் எதுவும் ஆய்வாளர் கண்ணில் படவில்லை. ஆகவே அதே இனத்தைச் சேர்ந்த உள்ளூர் உயிரிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன: புல்லட், யெஸ்டி, ஆர்எக்ஸ் 100. பின்னிரண்டின் உற்பத்தியும் 1996இல் நின்றுபோனது. அவற்றின் மரியாதை அதன்பிறகுதான் ஏறத் தொடங்கியது. மனிதர்களுக்கும் அப்படித்தானே என்று யாரோ சொல்வது காதில் விழுகிறது. அது வேறு துறை.

இனி இலக்கியச் சான்று. இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போன செய்தி புறநானூற்றில் உள்ளது. தொண்டைமானின் படைக்கருவிகள் நெய் பூசி, பீலி சூட்டி, காவல் மிகுந்த மாளிகையில் புதுக்கருக்கு மாறாமல் இருந்தன. எங்கள் மன்னனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவை. இதைத் தமிழாசிரியர்கள் வஞ்சப்புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். நாம் இதை வாகனவியல் குறிப்பாகக் கொள்கிறோம். உறை போட்டு மூடி வைத்த வண்டிக்கு இம்மண்ணில் இன்றும் மதிப்புக் கிடையாது. "வண்டி எங்கடா?" என்றால் "பட்டறைல கெடக்குதுணா" என்று சொல்பவன் குரலில் ஒரு நிமிர்வு இருக்கிறது. அது சங்க காலத்திலிருந்து அறுபடாமல் வருவது.

பட்டறையில் நடப்பதையும் பதிவு செய்தாக வேண்டும். புல்லட்டுக்குக் குழல் மாற்ற வந்தவரிடம் முதலில் வகைப்பட்டியல் ஒப்பிக்கப்படுகிறது: பஞ்சாப், இந்தோரி, டால்ஃபின், கோல்டு ஸ்டார், ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில், காட்டுப்பன்றி. இதில் கோல்டு ஸ்டார், பர்மிங்காமில் பிஎஸ்ஏ கம்பெனி செய்த மோட்டார் சைக்கிளின் பெயர். இந்தோரி, மத்தியப் பிரதேசத்து இந்தூர். தருமபுரிக்காரர் ஒருவர் பர்மிங்காமையும் இந்தூரையும் எடைபோட்டு முடிவெடுக்கிற இடம், வெல்டிங் பொறி பறக்கும் பத்தடிக் கடை. "சவுண்டு எப்படி வரணும்ணா?" என்று கேட்கிறார் மெக்கானிக். "ஊருக்குள்ள வரும்போது தெரியணும்." வேகம் பற்றி இருவரும் பேசுவதில்லை. இந்த மௌனமே இவ்வாய்வின் மையத் தரவு.

ஏனெனில் ஒலி கூடினால் வேகம் கூடும் என்பது பொதுநம்பிக்கை மட்டுமே. ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் குழாயின் நடுவே பருத்த வயிறு அழகுக்காக வைத்ததன்று. எஞ்சினிலிருந்து புறப்படும் அழுத்த அலை அதன் குறுகும் முனையில் மோதித் திரும்பி வந்து, தப்பியோடப் பார்க்கும் புதுப் பெட்ரோல் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. வயிற்றை அறுத்தெறிந்து நேர்க்குழாய் வைத்தால் திரும்பி வர அலை ஏது? கலவை வெளியே போகும், இழுவை குறையும், பெட்ரோல் செலவு ஏறும். சத்தம் மட்டும் நாலு ரோடு வரை கேட்கும்.

கார்வெட்டின் கதை சற்று வேறு. அந்த வகை எட்டு சிலிண்டர் எஞ்சினில் மொத்த வெடிப்புகள் சீரான இடைவெளியில் நடந்தாலும், ஒரு பக்கத்து நான்கை மட்டும் தனியே கேட்டால் தாளம் தப்பும். இரு பக்கக் குழாய்களையும் வண்டிக்கு அடியில் இணைத்துவிட்டால் அந்தக் குறை பெரும்பாலும் மறையும். பக்கக் குழல் இணைப்பதில்லை. தாளம் தப்புவதை அப்படியே, பக்கத்துக்கு ஒன்றாக, தெருவில் நிற்பவர் காதில் ஊற்றுகிறது. அமெரிக்கர் அதற்குத்தான் காசு கொடுத்தார்கள்.

நம்மவர் காசு கொடுப்பது எதற்கு? இங்கேதான் ஆய்வாளர் தம் சொந்தக் கொள்கையை முன்வைக்கிறார். இதற்குக் கிணற்றடிக் கொள்கை என்று பெயர். தருமபுரி மேட்டு நிலம், கிணற்றை நம்பிய வெள்ளாமை. மின் மோட்டார் வருமுன் தண்ணீர் இறைத்தது ஆயில் எஞ்சின். லிஸ்டர் வகை ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்பதால் நொடிக்கு ஐந்து 'டொக்'. புல்லட்டும் ஒற்றைச் சிலிண்டர்தான். நின்ற இடத்தில் உறுமும்போது நொடிக்கு ஏழெட்டு. ஆக இரண்டும் ஒரே குடும்பம். கணக்கு நம் பக்கம். அந்தச் சத்தம் கேட்டால் வாய்க்காலில் தண்ணீர் போகிறது என்று பொருள். கேட்காவிட்டால் டீசல் இல்லை, அல்லது கிணற்றில் தண்ணீர் இல்லை. பிறகு கம்பத்தில் மின்சாரம் வந்தது, மோட்டார் சத்தமில்லாமல் தண்ணீர் இறைத்தது, கழனி ஊமையானது. அந்த இழப்பைப் பேரன் புல்லட்டில் ஈடுகட்டுகிறான். இக்கொள்கைக்கு எதிரான சான்று ஒன்றே ஒன்று: எஞ்சினே பார்த்திராத சென்னைப் பையன்களும் இதையே செய்கிறார்கள். அவர்கள் நம் ஆய்வெல்லைக்கு வெளியே.

சட்டநூலார் இப்பொருளை நம்மைவிட ஆழமாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆவது விதி, வெளியேறும் புகையின் சத்தத்தை இயன்ற அளவு குறைக்கும் சாதனம் ஒவ்வொரு வண்டியிலும் வேண்டும் என்கிறது. ஒலி அளவை மீறினால் 2019 திருத்தத்தின்படி முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் இழப்பு. சில நகரங்களில் போலீசார் பிடுங்கிய குழாய்களைச் சாலையில் அடுக்கி ரோடு ரோலரை ஏற்றுகிறார்கள்.

ஆனால் நம் கவனத்துக்குரியது 112ஆவது விதி. மோட்டார் சைக்கிள் நீங்கலான வண்டிகளின் புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமோ போகக்கூடாது, பின்னாலோ வலப்பக்கமோதான் போக வேண்டும். காரணம் எளிது: நம் நாட்டில் வண்டி இடது ஓரம் ஓடுகிறது. பஸ்ஸில் ஏறுவோர், இறங்குவோர், நிழற்குடையில் நிற்போர் எல்லாரும் இடப்பக்கம். அவர்கள் முகத்தில் புகை அடிக்கலாகாது. வலப்பக்கம் யார் இருக்கிறார்கள்? முந்த வருபவன். சேலத்திலிருந்து தொப்பூர் ஏற்றத்தில் பாரம் ஏற்றிய லாரியை பைக்கில் முந்தியவர் எவரும் பக்கவாட்டுப் புகைக்குழல் பற்றி கார்வெட் உரிமையாளரிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை. கரி அவர் சட்டையின் இடத்தோளில் இருக்கும். பொறுமை இல்லாதவனுக்கு அரசு விதித்த தண்டனைகளில் ரசீது தராத ஒரே தண்டனை இது.

மோட்டார் சைக்கிளுக்கு இவ்விதி பொருந்தாது என்றாலும் பழைய புல்லட்டிலும் ஆர்எக்ஸ்ஸிலும் குழாய் வலப்பக்கம்தான். இடப்பக்கம் சேலை கட்டியவர் ஒருக்களித்து உட்காரும் பக்கம். அவருக்காகவே பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்று 123ஆவது விதி சொல்கிறது. இரு பக்கமும் குழல் வைத்த யெஸ்டி மட்டும் இந்த ஒழுங்குக்கு அடங்கவில்லை. மைசூரில் அதைச் செய்தவர்கள் பின்னால் உட்காரும் அத்தையைப் பற்றி யோசித்தார்களா என்பது ஐயத்துக்குரியது. வலப்பக்கம் இறங்கிய சிறுவர்களின் கெண்டைக்காலில் நீள்வட்டத் தழும்பு, அதன்மேல் அவசரத்துக்குத் தடவிய பற்பசை: கல்வெட்டுச் சான்று கேட்போர் அங்கே படித்துக்கொள்ளலாம்.

இப்போது மூலச் சிக்கலுக்கு வருவோம். யாரேனும் 1965ஆம் ஆண்டுக் கார்வெட்டை, இரு பக்கக் குழல்களோடு, தருமபுரிக்குள் ஓட்டி வருவதாக வைத்துக்கொள்வோம். 112ஆவது விதிப்படி வலக் குழல் சரி, இடக் குழல் குற்றம். பாதி எஞ்சினுக்குச் சட்டம் இடம் தருகிறது, பாதிக்குத் தரவில்லை. இடப்பக்கத்து நான்கு சிலிண்டர்களின் புகையையும் அடியில் குறுக்கே கொண்டுவந்து வலப்பக்கமே விடலாம். அப்படிச் செய்தால் இரு பக்கத் தாளமும் ஒரே பக்கத்தில் கேட்கும். ஓட்டுநரின் நிலைதான் பரிதாபம். அமெரிக்கக் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம். அதை இங்கே ஓட்டுவதற்குச் சைகை விளக்கோ கருவியோ ஒழுங்காக இயங்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 120ஆவது பிரிவு தனியே கட்டளையிடுகிறது. ஆக விளக்கைப் போட்டுக்கொண்டு, இடக் கோடியில் உட்கார்ந்து, தான் கொட்டிய பணத்தின் சத்தமும் சூடும் வலக் கோடியில் யாருக்கோ போய்ச் சேருவதைப் பார்த்தபடி, பாப்பாரப்பட்டி டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் அவர் ஊர்ந்து வர வேண்டியதுதான். பஸ்ஸின் குழாயும் வலப்பக்கம் என்பதால், முந்தவும் யோசிப்பார்.