75 குதிரைக்குச் சொந்தக்காரன்

என்னிடம் 75 குதிரைகள் இருக்கின்றன. எல்லாம் ஒரு பழைய டீசல் ஸ்விஃப்டின் பானெட்டுக்கு அடியில். பத்துப் பன்னிரண்டைத் தவிர மற்றவை இதுவரை லாயத்தை விட்டு வெளியே வந்ததில்லை. கோவை அவிநாசி ரோட்டில், லட்சுமி மில்ஸ் சிக்னலில் நிற்கிறவனுக்கு அத்தனை குதிரை எதற்கு? ஆனாலும், "ரீமேப் பண்ணா நூறு வரும் சார்" என்று ஒரு பையன் சொன்னதிலிருந்து, மீதி 25-ம் எனக்கு வரவேண்டிய பாக்கி என்று மனசு கணக்கெழுதத் தொடங்கிவிட்டது.

"ஏனுங்க, இருக்கற குதிரைக்கே நீங்க வேல குடுக்கறதில்லீங்களே" என்றாள் வீட்டுக்காரி. பெண்களுக்கு இயந்திர நுட்பம் புரியாது என்று நினைத்துக்கொண்டேன். சத்தமாக அல்ல.

பையன் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் ஒயரைச் செருகி, லேப்டாப்பைத் திறந்தான். என்ஜினை நடத்துவது ஈசியூ என்கிற சின்னக் கம்ப்யூட்டர். அதற்குள் இருப்பவை மேப்புகள். நம் பழைய வாய்ப்பாடு மாதிரிதான். ஒரு பக்கம் என்ஜின் சுற்று, மறுபக்கம் ஆக்சிலரேட்டர் மிதி. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில், எத்தனை மில்லிகிராம் டீசல் என்ற விடை. டர்போ அழுத்தத்துக்கு ஒன்று, எப்போது பீய்ச்சுவது என்பதற்கு ஒன்று. காற்றுக்கு மிஞ்சி டீசல் போனால் கரும்புகை வரும் என்பதால் புகைக்கு ஒரு வரம்பு. கிளட்சும் கியர்பாக்ஸும் தாங்கவேண்டுமே என்று டார்க்குக்கு ஒரு வரம்பு. மட்டமான டீசல், மே மாத வெயில், சர்வீசுக்கே விடாத ஓனர் எல்லாரையும் உத்தேசித்து கம்பெனி இந்த விடைகளை அடக்கியே வைக்கிறது. ட்யூனர் அவற்றைத் திருத்துகிறார். ரீமேப் என்பது அவ்வளவுதான்.

திருத்தினால் மட்டும் போதாது. கடைசியில் செக்சம் என்றொரு கூட்டுத்தொகை உண்டு. அது ஒத்துவராவிட்டால் பல வண்டிகள் ஸ்டார்ட்டே ஆகாது. ட்யூனிங் சாஃப்ட்வேர் அந்தத் தொகையையும் புதிதாகப் போட்டு, கணக்கை நேர் செய்துவிடும்! டேலி ஆகாத ஒரு ரூபாயைத் தேடி ராத்திரிவரை வங்கியில் உட்கார்ந்தவன் நான். பையன் மேல் மரியாதையும் வந்தது, பயமும் வந்தது.

மலிவாக ட்யூனிங் பாக்ஸ் என்றொரு பெட்டியும் இருக்கிறதாம். டீசலின் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சாரின் ஒயரில் உட்கார்ந்துகொண்டு, உள்ளதைவிட அழுத்தம் குறைவு என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும். அதை நம்பி அழுத்தம் ஏறும். டீசல் கூடுதலாகப் பாயும். குடும்பத்தில் பொய் சொல்ல நான் ஒருவன் போதும் என்று அதை ஒதுக்கிவிட்டேன்.

இந்த 1.3 லிட்டர் என்ஜின் 2000 சுற்றுக்குக் கீழே தூங்கும் என்பது ஊரறிந்த விஷயம். டர்போ வேகம் பிடித்த பிறகுதான் முழு பலமும் வரும். ரீமேப் தருவதும் பெரும்பாலும் அங்கேதான். நானோ மைலேஜ் பைத்தியம். ஊசி 2000-ஐத் தொடுவதற்குள் கியரை மாற்றிவிடுவேன். ஆக, எனக்கு வரவேண்டிய அந்த 25 குதிரைகளும் நான் போகவே போகாத ஊரில் கட்டிக்கிடக்கின்றன. இதே என்ஜினிலிருந்து கம்பெனி 90 குதிரை எடுத்ததும் உண்மைதான்; ஆனால் அதற்கு டர்போவையே வேறு வகைக்கு மாற்றினார்கள்.

"புது மேப்பை எழுதும்போது பேட்டரி இறங்கிட்டா ஈசியூ போயிரும் சார். அதனால சார்ஜர் மாட்டித்தான் எழுதுவோம்" என்றான் பையன். எங்கள் தெருவின் கரண்ட் லட்சணம் அவனுக்குத் தெரியாது. இதற்குமேல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வேறு: ஆர்.சி. விவரங்கள் கம்பெனி குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியில் கைவைக்கக் கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரிடம் இதையெல்லாம் யார் விளக்குவது?

ரீமேப்பை விட்டுவிட்டு, அதற்கு வைத்திருந்த பணத்தில் நாலு டயரும் ஓர் ஏர் ஃபில்டரும் மாற்றினேன். பழைய ஃபில்டரில் தோட்டமே போடலாம், அவ்வளவு மண். வண்டி இப்போது நன்றாக இழுக்கிறது. உங்கள் வண்டி இழுக்கவில்லையென்றால், லேப்டாப் பையனைக் கூப்பிடுமுன் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.