வையாலாவில் ஒரு கப்பல் கரையேறிய கதை

அன்புள்ள மச்சானுக்கு,

ஓபரா ஹவுஸ் முன்னால் நின்று போட்டோ அனுப்பச் சொன்னாய். நான் இருக்கும் வையாலாவும் ஆஸ்திரேலியாதான், ஆனால் அதற்கும் சிட்னிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அடிலெய்டிலிருந்தே காரில் நான்கு மணி நேரம். வழிநெடுக புதர், விட்டால் மறுபடி புதர்.

பி.ஹெச்.பி. என்ற சுரங்கக் கம்பெனி பெற்ற பிள்ளை இந்த ஊர். அயர்ன் நாப் மலையில் வெட்டிய இரும்புத் தாதைக் கப்பலேற்ற 1901-ல் கடற்கரை வரை தண்டவாளம் போட்டார்கள். அது முடிந்த இடத்தில் ஊர் முளைத்தது. 1941-ல் ஊதுலை எரியத் தொடங்கியது. குடிக்கத்தான் தண்ணீர் இல்லை. 1944-ல் முர்ரே ஆற்றிலிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டுக் கொண்டுவந்தார்கள். (நம் தெருக் குழாய் எப்படி இருக்கிறது என்று நீ எழுத வேண்டாம்.)

போர்க்காலத்தில் கப்பல் கட்டும் தளமும் வந்தது. 1941-ல் முதலில் கடலில் இறங்கியது 'வையாலா' என்ற போர்க்கப்பல். 1978-ல் தளத்தை மூடிவிட்டார்கள். தலைப்பிள்ளையாவது வீட்டோடு இருக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ, எங்கோ உழைத்து ஓய்ந்திருந்த அதே கப்பலை நகராட்சி விலைக்கு வாங்கி, கடலிலிருந்து 2 கிலோமீட்டர் உள்ளே இழுத்துவந்து நெடுஞ்சாலையோரம் நிறுத்திவிட்டது. சுமார் 650 டன்! அடிவயிற்றுக்குக் கீழே நடந்துபோய் புரொப்பல்லரை அண்ணாந்து பார்க்கலாம். எதிரே லாரி போகும்.

இரும்பு ஆலைக்குப் பக்கத்து வீட்டுச் சுவரெல்லாம் தாதுத் தூசி படிந்து துருநிறம். கொடியில் கிடந்த என் வெள்ளை வேட்டி சாயங்காலத்துக்குள் பாதி சந்நியாசம் வாங்கிக்கொண்டது.

ஆலை கைமாறி 2017-ல் தொழிலதிபர் சஞ்சீவ் குப்தாவிடம் போனது. 2025 பிப்ரவரியில் மாநில அரசே தலையிட்டு அதை நிர்வாகிகள் கையில் கொடுத்துவிட்டது. என்னைப் பார்த்தால் கடைக்காரர், "குப்தா உங்க ஊரா?" என்கிறார். அவர் பிறந்த லூதியானா எங்கே, நம் தூத்துக்குடி எங்கே!

உனக்குப் பிடித்த சங்கதிக்கு வருகிறேன். மே முதல் ஆகஸ்ட் வரை பாயிண்ட் லோலி கரையோரம் ராட்சதக் கணவாய்கள் ஆயிரக்கணக்கில் ஜோடி தேடி வரும். ஒரு பெண்ணுக்கு ஏகப்பட்ட ஆண்கள் போட்டி. தடியன் ஒருவன் காவல் நிற்பான். நோஞ்சான் என்ன செய்வான் தெரியுமா? கைகளைச் சுருக்கி, நிறம் மாற்றி, பெண் வேஷம் கட்டிக்கொண்டு தடியன் கண்ணெதிரிலேயே உள்ளே நழுவிவிடுவான். இதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் முங்கு நீச்சல்காரர்கள் வருகிறார்கள்.

உன் நாக்கில் எச்சில் ஊறுவது இங்கே தெரிகிறது. அங்கே கணவாய் பிடிக்கத் தடை, மீறினால் அபராதம். ஜூலையில் கிளம்பி வா. ஸ்வெட்டர் இரண்டு எடுத்துக்கொள். தங்கச்சி அரைத்த வறுவல் மசாலா வீட்டிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உன் மச்சான்